கொழும்பில் குறும்படமோ சுவரோவியமோ தேர்வுக்கு அனுப்புவது எப்படி?

ஒரு சமூகக் கலை அமைப்பு "படைப்புகள் கோரப்படுகின்றன" என்று அறிவித்ததும் கொழும்பின் தமிழ் இளைஞர்களிடமிருந்து நிறைய விண்ணப்பங்கள் வரும். அவற்றில் கணிசமானவை நடுவர்களின் கண்ணில் படும் முன்பே விழுந்துவிடும். படம் மோசம் என்பதனால் அல்ல. படத்தின் இணைப்பைத் திறந்தால் "அனுமதி இல்லை" என்று வரும். சப்டைட்டில் எழுத்துகள் உடைந்து கிடக்கும். சுவரோவியத்துக்கு அழகான வரைபடம் இருக்கும், ஆனால் சுவர் யாருடையது என்று ஒரு வரிகூட இருக்காது. விண்ணப்பங்களைச் சலித்துப் பிரிக்கும் மேசையில் உதவிக்கு உட்கார்ந்த பழக்கத்தில் இதைச் சொல்கிறேன்.

நடுவர் குழுவில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து பேர் இருப்பார்கள். உங்களை அவர்களுக்குத் தெரியாது. பாதிப் பேருக்குத் தமிழும் தெரியாது. பக்கத்தில் நின்று "அது என்னவென்றால்..." என்று நீங்கள் விளக்கவும் முடியாது. ஆகவே அனுப்பும் கோப்பு தானாகவே நின்று பேச வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வேலையும் அதற்காகத்தான்.

எந்தக் கதவு என்று முதலில் பாருங்கள்

எல்லா நிகழ்வும் ஒரே மாதிரி ஆட்களைத் தெரிவு செய்வதில்லை. 2013இல் தொடங்கிய கொலம்போஸ்கோப் பெரும்பாலும் கியூரேட்டர்கள், அதாவது காட்சியைத் திட்டமிட்டுத் தொகுப்பவர்கள், தேடிப் பார்த்துக் கலைஞர்களை அழைக்கிற விழா. ஜோர்ஜ் கீற் மன்றம் 1993 முதல் நடத்துகிற கலா பொல ஒரு திறந்தவெளிக் கலைச் சந்தை. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில், கிரீன் பாத் என்று நாம் சொல்கிற அந்த மரநிழல் வீதியில், கலைஞர்கள் இடம் எடுத்துத் தங்கள் ஓவியங்களைத் தாங்களே விற்பார்கள். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா போன்றவற்றில் குறும்படங்களுக்குப் போட்டிப் பிரிவு உண்டு. இவை தவிர, ஒரு சிறு அமைப்பு ஏதாவது ஒரு தலைப்பில் அழைப்பு விட்டு, நடுவர்களை வைத்துத் தேர்ந்தெடுத்து, ஒரு வார இறுதியில் ஒரு மண்டபத்திலும் நான்கு சுவர்களிலும் நடத்துகிற நிகழ்வுகள் இருக்கின்றன. புதியவர்களுக்கு உண்மையில் திறந்திருக்கிற கதவு இந்தக் கடைசி வகைதான் என்பது என் அபிப்பிராயம். பெரிய பெயர் இருக்காது, பரிசுத் தொகையும் சின்னதாக இருக்கும். ஆனால் உங்கள் படைப்பை முழுதாகப் பார்ப்பார்கள்.

இந்த அழைப்புகள் எங்கே கிடைக்கும்? முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் கலை அமைப்புகளின் பக்கங்களைப் பின்தொடருங்கள். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தீர்த்த கலைஞர் கூட்டமைப்பு, 2019 இறுதியில் திறந்த நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகம், கோதே நிறுவனம், பிரிட்டிஷ் கவுன்சில், அலியான்ஸ் பிரான்சேஸ் ஆகிய இடங்களுக்கு நேரே போய் அங்கே வருபவர்களோடு பேசுவது அதைவிட நல்லது. வெள்ளவத்தைக்காரர்களுக்குக் கொழும்புத் தமிழ்ச் சங்கம் பக்கத்தில்தான் இருக்கிறது. திரையிடல்களுக்குப் போய் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வராமல், முடிந்ததும் ஒருவரிடமாவது பேசுங்கள். பாதி அழைப்புகள் வட்ஸ்அப் குழுக்களில்தான் சுற்றுகின்றன. அந்தக் குழுக்களுக்குள் யாராவது சேர்த்துவிட்டால்தான் உண்டு.

அழைப்பைப் பென்சிலோடு வாசியுங்கள்

அழைப்பை அச்செடுத்துக்கொண்டு, கட்டாயமானவற்றின் கீழ் கோடு போடுங்கள். வயது எல்லை, வசிப்பிடம், படத்தின் உச்ச நீளம், எந்தத் திகதிக்குப் பிறகு முடித்த படமாக இருக்க வேண்டும், தலைப்பு, மொழி, கட்டணம். நீளத்தில்தான் ஏராளமானோர் சறுக்குகிறார்கள். 15 நிமிடம் என்றால் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலும் சேர்த்துத்தான் 15 நிமிடம். ஒஸ்கார் விருதுக்கு 40 நிமிடம் வரை குறும்படம்தான், ஆனால் அதைச் சொல்லி உள்ளூர் அமைப்போடு வாதாட முடியாது.

இன்னொன்று யூடியூப். நம்மவர்கள் படத்தை முடித்த கையோடு, இரவோடு இரவாக யூடியூப்பில் ஏற்றி, உறவினர் எல்லாருக்கும் இணைப்பு அனுப்பிவிடுவார்கள். சில விழாக்கள் ஏற்கெனவே இணையத்தில் பகிரங்கமாக வெளியான படங்களை ஏற்பதில்லை. சிலவற்றுக்கு அது பிரச்சினையே இல்லை. அழைப்பில் இதைப் பற்றி ஒன்றும் இல்லையென்றால் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வரும்வரை வீடியோவைத் தனிப்பட்டதாக மாற்றி வையுங்கள். படத்தை யூடியூப்பில் எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம், அவசரமே இல்லை.

கட்டணம் கேட்டால் யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் இணையத்தளமான ஃபில்ம்ஃப்ரீவே வழியாக அனுப்பும் வெளிநாட்டு விழாக்கள் டொலரில் கட்டணம் கேட்பது வழக்கம். அவற்றில் மாதா மாதம் நூறு "விருது" கொடுக்கிற, திரையிடலே நடத்தாத விழாக்களும் கலந்திருக்கின்றன. போஸ்டரில் போட இலைவளைய முத்திரை ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். அந்தக் காசில் நல்ல மைக் ஒன்றை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கலாம். உண்மையான விழா என்றால் "நான் மாணவன், கட்டணத்தை நீக்க முடியுமா?" என்று பணிவாக எழுதிக் கேட்பதில் தவறே இல்லை. பல விழாக்கள் நீக்குவதுண்டு.

வெளிநாட்டு விழாவில் "நள்ளிரவு வரை" என்று போட்டிருந்தால் யாருடைய நள்ளிரவு என்று பாருங்கள். லண்டன் நள்ளிரவு என்றால் கோடைகாலத்தில் நமக்கு அடுத்த நாள் காலை நான்கரை. அதை நம்பிக் கடைசி இரவு வரை காத்திருக்காதீர்கள். மின்சாரமும் டேட்டாவும் அன்றைக்குத்தான் காலை வாரும்.

படம் அனுப்புபவர்களுக்கு: சப்டைட்டில்தான் பாதி வேலை

கோப்பு விடயம் சுலபம். 1920க்கு 1080, எம்பி4, எச்.264. எந்த ஃபிரேம் ரேட்டில் எடுத்தீர்களோ அதே ரேட்டில் வெளியே எடுங்கள். விநாடிக்கு 10 மெகாபிட் வைத்தால் 10 நிமிடப் படம் ஏறத்தாழ 750 எம்பி வரும், முதற்கட்டத் தேர்வுக்கு அது தாராளம். திரையரங்குக்கான டிசிபி கோப்பு எல்லாம் தெரிவான பிறகு பார்த்துக்கொள்ளலாம். முன்கூட்டியே அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

விமியோ என்ற வீடியோ தளத்தில் கடவுச்சொல் போட்டு அனுப்பினால் அந்தக் கடவுச்சொல்லை விண்ணப்பத்திலும் எழுதுங்கள், முடிவு வரும்வரை மாற்றாதீர்கள். கூகுள் டிரைவ் என்றால் "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று அமைத்துவிட்டு, உங்கள் கணக்கில் நுழையாத வேறொரு போனில் திறந்து பாருங்கள். இலவசக் கணக்கில் 15 ஜிபிதான் இடம், மின்னஞ்சலும் அதற்குள்தான். இடம் போதவில்லை என்று ஒரு மாதத்தில் கோப்பை அழித்துவிட்டால், நடுவர் திறக்கும் அன்று அங்கே ஒன்றும் இருக்காது. பல்கலைக்கழகக் கணக்கில் ஏற்றுபவர்கள் இன்னும் கவனம். வெளியாட்கள் பார்க்க முடியாதபடி சில கணக்குகள் பூட்டப்பட்டிருக்கும்.

சரி, சப்டைட்டில். கொழும்பில் ஒரு தமிழ்ப் படத்தைத் தேர்வுக்கு அனுப்பும்போது இதைவிட முக்கியமான வேலை கிடையாது. தமிழ் புரியாத ஒரு நடுவருக்கு உங்கள் கதாபாத்திரம் என்பது அந்த இரண்டு வரி எழுத்துதான். கொட்டாஞ்சேனைப் பேச்சில் ஒரு தாய் மகனைத் திட்டுகிற காட்சியை, ஆங்கிலப் பாடப்புத்தக வசனமாக மாற்றினால் அந்தத் தாய் செத்துப்போவாள். மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டு எடுப்பதை முதல் பிரதியாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் பேச்சாகத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, படத்தை ஓடவிட்டு, வரிக்கு வரி திருத்துங்கள். ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு வரிக்கு 40 எழுத்தைச் சுற்றி இருந்தால் போதும். எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவும் தேவையில்லை. "ஓம்", "ஐயோ", "வாங்கோ" எல்லாம் முகத்திலேயே தெரியும்.

அதன் பிறகு சிங்கள சப்டைட்டிலும் போட முடியுமானால் போடுங்கள். சமூக அமைப்பின் நிகழ்வு என்றால் பார்வையாளரில் சிங்களவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அழைப்பில் கேட்காவிட்டாலும் "சிங்கள சப்டைட்டில் தயார்" என்ற ஒரு வரிக்கு எடை உண்டு. இந்த நகரத்தில் அந்தச் சிரமத்தை எடுப்பவர்கள் குறைவு.

எழுத்துருவில் ஒரு பொறி இருக்கிறது. இலங்கையில் பழைய ஆட்கள், அச்சகங்கள், சில ஆசிரியர்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பாமினி யுனிகோட் இல்லை, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு இல்லை. பாமினியில் அடித்த வசனத்தை அப்படியே சப்டைட்டில் கோப்பில் ஒட்டினால், வேறு கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றி, எஸ்ஆர்டி என்கிற சப்டைட்டில் கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். பிரீமியர் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் தமிழ்த் தலைப்பு எழுதும்போது கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால், அதன் அமைப்புகளில் (Preferences) கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய்த் தெற்காசிய எழுத்துகளுக்கான டெக்ஸ்ட் இன்ஜினைத் தெரிவு செய்யுங்கள். உங்கள் படத்தின் பெயரே உடைந்து தெரிவதை ஒரு தமிழ் நடுவர் பார்த்தால் மன்னிக்கமாட்டார். மன்னிக்கவும் கூடாது.

படத்தின் முதல் இரண்டு நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை நேர்மையாகப் பாருங்கள். நிறுவன லோகோ சுழல்வது, நன்றி அட்டை, இன்னொரு நன்றி அட்டை, ஒரு பொன்மொழி, பிறகு காலிமுகத்திடலில் சூரியன் மறைவது. ஒரே நாளில் முப்பது படம் பார்க்கிற ஒருவர் இதற்குள் தேநீருக்கு எழும்பிவிடுவார். நன்றியைக் கடைசியில் சொல்லுங்கள். சூரியன் தினமும்தான் மறைகிறது.

பாட்டு, முகம், அனுமதி

படத்தில் சினிமாப் பாட்டு ஓடுகிறதா? ஆட்டோ ரேடியோவில் பின்னணியில் கேட்பதும் கணக்குத்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமைக்குப் பதிவே தேவையில்லை, படைத்த உடனேயே உரிமை வந்துவிடும். படைத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பிறகு 70 ஆண்டும் அது நீடிக்கும். பாட்டுக்கு இசையமைப்பாளரும் கவிஞரும் ஒரு பக்கம், ஒலிப்பதிவின் சொந்தக்காரர் இன்னொரு பக்கம் என்று இரண்டு உரிமைகள். "முப்பது விநாடிக்குள் என்றால் பரவாயில்லை" என்று எல்லாரும் சொல்கிற கதை சட்டத்தில் எங்கும் இல்லை. தேவாரம் போட விரும்பினால் சொற்கள் பழையவை, பிரச்சினை இல்லை. ஆனால் யாரோ பாடிய ஒலித்தட்டை எடுக்காமல் உங்கள் அக்காவையோ நண்பரையோ பாடவைத்துப் பதிவு செய்யுங்கள். பல நேரங்களில் அதுதான் படத்துக்கு நன்றாகவும் இருக்கும்.

முகம் தெரிகிறவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சம்மதப் படிவம் அவர் வாசிக்கிற மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தில் ஒரு தமிழ் அம்மாவிடம் கையெழுத்து வாங்குவது எனக்குச் சம்மதமாகவே தெரியவில்லை. சிறுவர்கள் என்றால் பெற்றோர் கையெழுத்து. காணாமல் ஆக்கப்பட்டோர், வீடு இழந்தோர், காவல்துறைத் தொல்லை போன்ற விடயங்களைத் தொடும் ஆவணப்படம் என்றால், படம் வெளியானபின் அவருக்கு என்ன நேரலாம் என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் பின்வாங்கினால் வெட்டிவிடுங்கள்.

ட்ரோன் காட்சி இருந்தால் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதிக் கடிதத்தின் பிரதி வேண்டும். புகையிரத நிலையத்துக்குள் எடுத்திருந்தால் புகையிரதத் திணைக்களத்தின் அனுமதி. மண்டபத்தில் மக்களுக்குப் படம் காட்டுவதற்கான ஒப்புதல் வேறு விடயம். 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிற ஏற்பாடு அது. தணிக்கைச் சபை என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அங்கே பெறுவது. பெரும்பாலும் அமைப்பாளரே எடுப்பார், ஆனால் "யார் எடுப்பது?" என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். மதத்தைத் தொடும் படைப்பு என்றால் இன்னும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை ஒட்டி 2007இல் வந்த 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 2019இல் ஒரு சிங்களச் சிறுகதையாளர் கைதாகித் தடுத்து வைக்கப்பட்டார். பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. அமைப்பிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அவர்கள் உங்கள் பக்கம் நிற்பார்களா என்று தெரிந்துகொள்ளலாம். நிற்கமாட்டார்கள் என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லதுதானே?

சுவர் யாருடையது?

பொதுவெளிக் கலைக்கு அழைப்பு வந்தால் வரைவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுங்கள். வீதி ஒருவருடையது, சுவர் இன்னொருவருடையது. காலி வீதி போன்ற பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் கீழ் வரும். உள் ஒழுங்கைகள் மாநகர சபை. கடற்கரை ஓரமாகத் தண்டவாளத்தை ஒட்டிய சுவர் என்றால் புகையிரதத் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். மாடிக் குடியிருப்பு என்றால் நகர அபிவிருத்தி அதிகாரசபையா, வீடமைப்பு அதிகாரசபையா, தனியார் முகாமைக் குழுவா என்று விசாரியுங்கள். பாடசாலை மதில் என்றால் அதிபர் மட்டும் போதாது, கல்வித் திணைக்களத்தின் தலையாட்டலும் வேண்டியிருக்கலாம். தனியார் மதில்தான் இருப்பதிலேயே சுலபம், வீட்டுக்காரரின் ஒரு கடிதத்தோடு முடியும். முதல் முறை அனுப்புபவருக்கு நான் சொல்வது தனியார் மதிலைத்தான்.

அரச அலுவலகங்களுக்குத் தமிழிலேயே கடிதம் எழுதலாம். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. ஆனாலும் சிங்களப் பிரதி ஒன்றை இணைத்துக் கொண்டு போங்கள். உரிமை வேறு, அன்று அந்த மேசையில் இருக்கிறவரால் வாசிக்க முடிவது வேறு. கடிதத்தில் இடம், அளவு, என்ன வரையப் போகிறீர்கள், எத்தனை நாள், எவ்வளவு காலம் இருக்கும், யார் பொறுப்பு என்பவை ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். வரைபடத்தின் வண்ணப் பிரதி ஒன்றும் சேர்த்து வையுங்கள். அமைப்புகள் சில தாங்களே அனுமதி எடுத்துத் தரும். அப்படியானாலும் "உரிமையாளரோடு பேசியிருக்கிறேன், கொள்கையளவில் சம்மதம்" என்று எழுத முடிந்தால் உங்கள் விண்ணப்பம் மற்றவற்றைத் தாண்டி மேலே வரும்.

அந்தத் தெருவில் இருப்பவர்களிடமும் பேச வேண்டும். சமூகக் கலை என்று பெயர் வைத்துவிட்டுச் சமூகத்திடம் கேட்காமல் வரைந்தால் எப்படி? வாழைத்தோட்டத்திலோ முகத்துவாரத்திலோ ஒரு ஒழுங்கையைத் தெரிவு செய்தால், முதலில் கடைக்கார அண்ணனிடம் ஒரு தேநீர் குடித்தபடி கதையுங்கள். சனசமூக நிலையமோ கோவில் பரிபாலன சபையோ பள்ளிவாசல் நிர்வாகமோ ஒரு ஆதரவுக் கடிதம் தந்தால் பெரிய பலம். "இந்தச் சுவரில் என்ன வந்தால் உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டுக் கிடைத்த பதில்களில் இரண்டை விண்ணப்பத்தில் அப்படியே எழுதலாம்.

சுவரைக் காலையிலும் மாலையிலும் போய்ப் பாருங்கள். நேர் எதிரே நின்று ஒரு படம், எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து ஒரு படம், ஒரு ஆளைச் சுவரோரம் நிறுத்தி அளவுக்கு ஒரு படம். அந்தப் படத்தின் மேலேயே உங்கள் ஓவியத்தைப் பொருத்திக் காட்டுங்கள். வெள்ளைத் தாளில் தனியாக அழகாக இருக்கும் ஓவியத்துக்கு, மின்கம்பமும் நீர்க்குழாயும் குறுக்கே வரும்போது என்ன ஆகிறது என்று நடுவர்கள் பார்க்க விரும்புவார்கள். அந்தக் குழாயை ஓவியத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டீர்கள் என்றால் இன்னும் சந்தோஷப்படுவார்கள்.

அப்புறம் மழை. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு இளைஞர்கள் நாடெங்கும் சுவர்களில் வரைந்து தள்ளியது நினைவிருக்கும். அடுத்தடுத்த மழைக்காலங்கள் ஒரு சுவரை என்ன செய்யும் என்பதைக் கொழும்பில் நடந்தாலே காணலாம். புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவர் என்றால் நான்கு வாரமாவது உலர விடுங்கள், இல்லாவிட்டால் உப்பு பூத்துப் பெயின்ட்டைத் தள்ளும். பழைய சுவரில் பாசியைச் சுரண்டிக் கழுவி, காயவிட்டு, ப்ரைமர் அடித்து, வெளிச்சுவருக்கென்றே வரும் எமல்ஷனில்தான் வரைய வேண்டும். கடற்பக்கச் சுவருக்கு உப்புக்காற்று வேறு. ஜனவரி, பெப்ரவரியில் கொழும்பில் மழை குறைவு. ஒக்டோபர், நவம்பரில் மதியத்துக்குப் பிறகு இடியோடு கொட்டும். அந்த மாதங்களில் நிகழ்வு என்றால் காலையில் வரையும்படி அட்டவணை போட்டு, தார்ப்பாய்க்கும் இரண்டு மேலதிக நாளுக்கும் இடம் விடுங்கள். காலி வீதிப் பக்கம் என்றால் ஆடிவேல் தேர் போகும் நாட்கள், கொச்சிக்கடை என்றால் ஜூன் 13 அந்தோனியார் திருவிழா, இவற்றையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவரில் எழுத்து வருகிறதென்றால் மூன்று மொழியையும் மூன்று பேரிடம் காட்டி எழுத்துப்பிழை பார்த்த பிறகே தூரிகையைத் தொடுங்கள். இந்த நகரத்தின் அறிவிப்புப் பலகைகளில் தமிழ் படும் பாடு நமக்குத் தெரியும். நாமே அதைக் கூட்ட வேண்டாம்.

காசுக் கணக்கு

6 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம் என்றால் 18 சதுர மீற்றர். ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு தடவை பூச ஏறக்குறைய 10 சதுர மீற்றருக்கு வரும். அடிப்பூச்சு இரண்டு தடவை என்றால் 4 லீற்றர் வாளி ஒன்று. இப்படிப் பிரித்து எழுதுங்கள். "பெயின்ட் வகைகள்" என்று ஒரு மொத்தத் தொகையை மட்டும் போடாதீர்கள். ஏணி அல்லது ஸ்கஃபோல்டிங் வாடகை, உதவியாள் கூலி, போக்குவரத்து, சாப்பாடு, முடிந்தபின் நல்ல புகைப்படம் எடுக்கும் செலவு, எதிர்பாராதவைக்கு மொத்தத்தில் பத்து வீதம். கடைக்காரரிடம் எழுத்தில் விலை வாங்கி இணைத்தால் நம்புவார்கள்.

உங்களுக்கென்று ஒரு தொகை கட்டாயம் போடுங்கள். நம் ஆட்கள் இந்த வரியை வெட்கத்தில் விட்டுவிடுகிறார்கள். மேசனுக்கு நாட்கூலி எழுதுகிற கை, கலைஞருக்கு ஏன் எழுதாது? நாட்கணக்கில் போட்டு எழுதுங்கள். குறைக்கச் சொன்னால் அப்போது பேசலாம்.

படைப்பைப் பற்றி எழுதும் அந்த ஒரு பக்கம்

இதில்தான் எல்லாரும் கவிஞராகிவிடுவார்கள். "மானுடத்தின் ஆறாத வலியையும் இருத்தலின் தவிப்பையும் பேசும் படைப்பு" என்று வந்தால், நடுவருக்குப் படம் பற்றி ஒன்றுமே தெரியவராது. அதற்குப் பதில் இப்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள்: "முகத்துவாரத்தில் வெள்ளம் வீட்டுக்குள் வரும் நாட்களில் ஒரு தையல்காரப் பெண் தன் மெஷினை மேசைமேல் ஏற்றி இறக்குவதைப் பின்தொடரும் 9 நிமிட ஆவணப்படம்." யார், எங்கே, என்ன செய்கிறார், எவ்வளவு நேரம். இதை வாசித்தவர் படத்தைத் திறந்து பார்ப்பார். வலி இருந்தால் படத்தில் தானாகத் தெரியும்.

அந்த ஒரு வரிக்குப் பிறகு ஏன் இதைச் செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள், இந்த அழைப்பின் தலைப்போடு எங்கே தொடுகிறது என்று மூன்று சிறு பத்திகள் போதும். 200 சொல் என்று கேட்டால் 200தான். முதலில் தமிழிலேயே, நண்பருக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள். அதன் பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். நேரடியாக ஆங்கிலத்தில் எழுத முயல்பவர்கள் பலர் வேறு யாருடையோ வாசகங்களைக் கடன் வாங்கிவிடுகிறார்கள். படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தாலும் "தமிழில் அனுப்பலாமா?" என்று கேளுங்கள். சமூக அமைப்பு என்று சொல்லிக்கொள்பவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டாவது பழகட்டும்.

உங்களைப் பற்றிய குறிப்பில் பாடசாலைப் பேச்சுப் போட்டிப் பரிசெல்லாம் வேண்டாம். எங்கே இருக்கிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள், முன்பு செய்த ஒன்றிரண்டு படைப்புகள். ஒன்றுமே செய்யவில்லையென்றால் "இது என் முதல் படம்" என்று எழுதுங்கள். புதியவர்களைத் தேடுகிற நிகழ்வுகளில் அந்த வரி பலவீனமே இல்லை.

பெயர்

சின்ன விடயம்தான், ஆனால் பரிசுக் காசு வங்கியில் மாட்டிக்கொள்வது இதில்தான். தேசிய அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முன்னால் இருக்கும். கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்துக் கூட்டல் வேறாக இருக்கும். முகநூலில் புனைபெயர். படத்தின் தலைப்பில் இன்னொன்று. விண்ணப்பப் படிவத்தில் இரண்டையும் தெளிவாகக் கொடுங்கள்: திரையில் போட வேண்டிய பெயர் இது, கொடுப்பனவுக்கான பெயர் இது என்று. இரண்டாவது உங்கள் வங்கிக் கணக்கில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். குழுவாகச் செய்தால் காசு யார் கணக்குக்கு வரும், எப்படிப் பிரிக்கப்படும் என்பதை அனுப்புவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் என்றால் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பியபின்

கோப்புகளின் பெயரில் உங்கள் பெயரும் படைப்பின் பெயரும் இருக்கட்டும். "கடைசி கடைசி புதுசு 3" என்ற பெயரில் வருகிற கோப்புகள் ஒன்றோடொன்று கலந்துபோகும். கடைசித் திகதிக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பி, கிடைத்ததா என்று ஒரு வரி கேளுங்கள். பிறகு சும்மா இருங்கள். நடுவர்களில் ஒருவரைத் தெரியும் என்று அவருக்கு வட்ஸ்அப்பில் படத்தை அனுப்புவது உங்களுக்கு உதவாது. நேர்மையான நடுவர் என்றால் உங்கள் படைப்பை மதிப்பிடுவதிலிருந்து அவர் விலக வேண்டியதாகிவிடும், உங்களுக்கு ஒரு வாக்குக் குறையும்.

தெரிவானால் கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை முழுதாக வாசியுங்கள். எத்தனை தடவை திரையிடுவார்கள், இணையத்தில் போடுவார்களா, எவ்வளவு காலத்துக்கு, சுவரோவியப் படத்தை அஞ்சலட்டையிலோ நாட்காட்டியிலோ அச்சிட்டு விற்கலாமா என்பவை இருக்கும். "எல்லா உரிமைகளும், எக்காலத்துக்கும்" என்ற வரியைக் கண்டால் நிறுத்திக் கேளுங்கள். பெரும்பாலும் எங்கிருந்தோ பிரதி எடுத்த வரிதான், கேட்டால் மாற்றிவிடுவார்கள். படைப்போடு உங்கள் பெயர் வர வேண்டும் என்பதும், அதைச் சிதைத்துக் காட்டக் கூடாது என்பதும் மேலே சொன்ன அதே சட்டம் தருகிற உரிமைகள். சுவரோவியம் என்றால் யார் பராமரிப்பது, எப்போது அழிப்பார்கள், அழிக்கும் முன் உங்களுக்கு அறிவிப்பார்களா என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். திரையிடும் மண்டபத்தில் முதல் நாளே போய் ஒலியையும் சப்டைட்டிலையும் ஓட்டிப் பாருங்கள். பென்டிரைவில் ஒரு பிரதி சட்டைப்பையில் இருக்கட்டும்.

தெரிவாகாவிட்டால் இரண்டு வரியில் நன்றி சொல்லி, "நடுவர்களின் குறிப்பு ஏதும் இருந்தால் அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். எல்லாரும் தரமாட்டார்கள், தருகிறவர்களின் குறிப்பு விலைமதிப்பற்றது. முகநூலில் நடுவர்களைத் திட்டி நீண்ட பதிவு போடுவதற்கு முன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: கொழும்பில் இந்தக் கலை வட்டம் மிகச் சிறியது, இன்று உங்களை விலக்கியவர் அடுத்த வருடம் வேறோர் அமைப்பின் மேசையில் உட்கார்ந்திருப்பார். படம், சப்டைட்டில், ஒரு பக்கக் குறிப்பு, சம்மதப் படிவங்கள், மூன்று நல்ல புகைப்படங்கள், எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். அடுத்த அழைப்புக்கு மாற்ற வேண்டியது பெரும்பாலும் அந்த ஒரு பக்கக் குறிப்பின் கடைசிப் பத்தி மட்டும்தான்.